பரிசிலும் தீர்ப்பும்: கலைஞனின் தற்சார்பு குறித்துச் சில சிந்தனைகள்

ஈழத்துத் தமிழ் இலக்கிய விவாதங்களிலே மிகக் கூடுதலாகப் பயன்பட்டு, மிகக் குறைவாக ஆராயப்பட்ட தொடர்களுள் 'கலை கலைக்காகவே' என்பதும் ஒன்றாகும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இத்தொடர் ஒரு கோட்பாட்டின் பெயராக வழங்கியதிலும் பார்க்க ஒரு குற்றச்சாட்டின் பெயராக வழங்கியதே அதிகம். ஓர் எழுத்தாளனை இத்தொடராற் சுட்டிவிட்டால், அவனது ஆக்கங்களைப் படிக்கவேண்டிய தேவை நீங்கிவிட்டதாகப் பலர் கருதினர். குற்றச்சாட்டுக்கு ஆளானோரிற் சிலரும் அதனையே விருதாகச் சூடிக்கொண்டு, மக்களைப் பற்றி எழுதுவதே கலைக்கு இழுக்கு என்ற நிலைக்குச் சென்றனர். 'கலை கலைக்காகவா, மக்களுக்காகவா' எனப் பட்டிமன்றங்களிலே இரு அணிகள் மோதுவதும், நடுவர் இரண்டும் வேண்டும் எனக் கூறி அவையோரை மகிழ்வித்து வீட்டுக்கு அனுப்புவதும் வழமையாயின.

இந்த ஆரவாரத்திடையே வேறொரு வினா கேட்கப்படாமலே போய்விட்டது. கலை எதற்காக என்பது ஒரு வினா. கலைஞன் தன் ஆக்கத்திலே ஈடுபட்டிருக்கும்பொழுது எவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான் என்பது முற்றிலும் வேறான இன்னொரு வினா. முன்னையது கலையின் சமூகப் பயன்பாடு பற்றியது. பின்னையது ஆக்கத் தொழிலின் நேர்மை பற்றியது. சாதிக் கொடுமையைப் பாடுபவன் கைதட்டலை எதிர்நோக்கியே பாடலாம். நிலவைப் பாடுபவன் எவருடைய மெச்சுதலையும் பொருட்படுத்தாதிருக்கலாம். இதன் மறுதலையும் நிகழக்கூடியதே. பொருளை வைத்து நேர்மையை அளக்க முற்பட்டதே எமது விமர்சனத்தில் நேர்ந்த பெருங் குழப்பமாகும்.

இக்கோட்பாட்டின் பிறப்பிடத்தை நோக்குமிடத்து இக்குழப்பம் மேலும் தெளிவாகும். பிரெஞ்சுக் கவிஞரான தெயோபில் கோத்தியே 1835 ஆம் ஆண்டில் தமது 'மத்மொசெல் த மோப்பன்' என்னும் நாவலுக்கு எழுதிய முன்னுரையே இதன் பிரகடனமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. பயனுள்ளதெல்லாம் அழகற்றது என்ற அளவுக்கு அம்முன்னுரை வாதிடுகின்றது. இதே கோத்தியே 1830 இல், விக்தோர் ஹியூகோவின் 'ஏர்னானி' நாடகம் பாரிஸிலே முதன்முதல் மேடையேறிய இரவில், கண்ணைப் பறிக்கும் சிவப்பு மேற்சட்டை அணிந்து சென்று அரங்கிலிருந்த கனவான்களைத் திகைக்க வைத்தவர். ஊராரின் வெறுப்பைத் தேடிச் செல்பவனும் ஊராரையே பார்த்துக்கொண்டிருக்கின்றான். அந்த மேற்சட்டையைத் தைப்பிக்கும்பொழுது அவரது மனக்கண்முன் நின்றவை அரங்கத்தின் முகங்களே. தம் நண்பர் குழாத்தின் ஆரவாரமும் அவருக்கு வேண்டியிருந்தது. எனவே 'கலை கலைக்காகவே' என முழங்குவோர் யாவரும் ஒப்புதலைத் துறந்தவர்கள் என்று கொள்வதற்கில்லை.

இம்மேற்சட்டை பற்றிப் பிளெக்கனோவும் 1912 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கலையும் சமூக வாழ்வும்' என்னும் கட்டுரையிலே பேசுகின்றார். கலைஞனுக்கும் அவனைச் சூழ்ந்துள்ள சமூகத்துக்குமிடையே தீர்க்கவொண்ணாத முரண்பாடு நிலவும் காலங்களிலேயே இக்கோட்பாடு தலைதூக்குகின்றது என்பது அவரது முடிபு. எமது மார்க்சிய விமர்சகர் இம்முடிபை நன்கு அறிவர். ஆனால் அதே கட்டுரையிலே புஷ்கின் பற்றி அவர் கூறுவதைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். 1825 ஆம் ஆண்டின் டிசெம்பர் எழுச்சி நசுக்கப்பட்டபின், சார் மன்னனாகிய முதலாம் நிக்கலஸ் புஷ்கினுடைய எழுத்துக்களுக்குத் தானே தணிக்கையாளனாக இருப்பதாக அறிவித்தான். ஆட்சியின் புகழைப் பாடும் ஒழுக்கமுள்ள கவிஞனாக அவரை ஆக்கிவிடுவதே அரண்மனையின் நோக்கமாக இருந்தது. அத்தகைய வேளையிலே, கவிதை எவருக்கும் பணிசெய்ய வந்ததன்று எனப் புஷ்கின் கூறியமை பின்வாங்கலன்று, மறுப்பு என்பதைப் பிளெக்கனோவ் ஏற்றுக்கொள்கின்றார். அரசே கலைக்குச் சமூகப் பயன் வேண்டும் என்று கேட்கும் காலங்களும் உண்டு. அவ்வேளைகளில் ஒரே சுலோகம் அடிமைத்தனத்துக்கும் விடுதலைக்கும் இடம் மாறி நின்றுவிடுகின்றது. மார்க்சிய மூலவர் ஒருவரே இதனை இவ்வளவு தெளிவாகக் கூறியிருக்க, அவரை மேற்கோள் காட்டியோர் இதனைக் காணாமற் போனமை வியப்புக்குரியது.

தமிழ் மரபு இவ்விடயத்திலே எமக்கு மேலும் நுண்மையான ஓர் உதாரணத்தைத் தருகின்றது. புறநானூற்றின் 208 ஆம் பாட்டு பெருஞ்சித்திரனார் பாடியது. மலைகள் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடி வந்த புலவரை அவன் நேரிற் காணவில்லை. பொருளைக் கொடுத்து அனுப்பிவிடுமாறு பணித்தான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தன்னை எவ்வாறு அறிந்து இப்பொருளைத் தந்தான் என்று கேட்கின்றார். தான் பாட்டை விலைபேசும் வணிகன் அல்லன் என்கின்றார். தன் கல்வியின் அளவை அறிந்து தருவதாயின் தினையளவு பொருளும் தனக்கு இனியதே என்கின்றார்.

இப்பாட்டைப் புலவனின் தன்மானத்துக்குச் சான்றாகக் காட்டுவது எமது வகுப்பறை மரபு. அது தவறன்று, ஆயினும் போதாது. பெருஞ்சித்திரனார் பரிசிலை வெறுத்தவர் அல்லர். குடும்பத்தின் வறுமையைப் பாடியவர். பெற்ற பொருளை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்குமாறு மனைவிக்குக் கூறியவர். அவர் மறுத்தது பொருளையன்று, அறியாமற் கொடுத்தலை. அவருக்கு வேண்டியிருந்தது தீர்ப்பு. அவருக்குக் கிடைத்தது ஒப்புதல். ஒப்புதல் படைப்பைப் பாராமலே வழங்கப்படலாம். கேட்டவனை வாயடைத்து அனுப்பும் உபாயமாகவும் அமையலாம். தீர்ப்போ படைப்பின் உள்ளே புகுந்து பார்த்தவனாலன்றி வழங்கப்பட முடியாதது. அது பாதகமானதாகக்கூட இருக்கலாம். தினையளவேனும் போதும் என்ற கூற்றிலே அந்தப் பாதகத்தை ஏற்கும் துணிவும் அடங்கியுள்ளது.

அறிந்தோர் முன் வைத்தல் என்பதே அரங்கேற்றத்தின் பழைய பொருளும் ஆகும். தொல்காப்பியப் பாயிரம் அந்நூல் நிலந்தருதிருவிற் பாண்டியனின் அவையிலே அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியதாகக் கூறுகின்றது. அரசனின் அவையாயினும் கேட்டுத் தெளிந்தவர் ஆசான் என்பது கவனிக்கத்தக்கது. தற்புகழ்ச்சி தகாது என்பதனாற் பாயிரத்தைப் பிறரே செய்தல் வேண்டும் என விதித்தது நன்னூல். காலப்போக்கில் இந்நெறி எவ்வாறு தேய்ந்தது என்பதை அறிய விரும்புவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சுநூல்கள் சிலவற்றைப் புரட்டினாற் போதும். நூலின் முகப்பிலே பக்கம் பக்கமாகச் சாற்றுகவிகள். பாடியவர் நூலைப் படித்தாரா என்பதற்கு அக்கவிகளிலே அடையாளம் மிக அரிது. இன்றைய அணிந்துரைகள் பல உரைநடையில் எழுதப்பட்ட சாற்றுகவிகளே எனின் மிகையாகாது.

இனி இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான வாதம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒப்புதலை நாடாதே என அறிவுரை கூறுதல் எவருக்கு எளிது? வாசலில் ஒருபோதும் மறிக்கப்படாதவருக்கே எளிது. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றபொழுது, அது ஒரு தனிமனிதனின் தலையிற் சூட்டப்பட்ட முடியாக மட்டும் அமையவில்லை. யாழ்ப்பாணத்திலே சிகையலங்கார நிலையம் ஒன்றிலே தொழில் செய்த ஒருவர் எழுதியது இலக்கியம் என அரச நிறுவனம் ஒன்று கூறவேண்டி வந்தது. படித்த வேளாளர் வீட்டு விறாந்தைகளிலே அதுவரை எழுப்பப்படாத ஒரு வினா அன்று எழுப்பப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் மொழியை 'இழிசனர் வழக்கு' எனத் தள்ளியோருடன் அறுபதுகளின் முற்பகுதியிலே நடைபெற்ற மரபுப் போராட்டத்தை நினைவிற் கொள்வோர், அங்கீகாரம் என்பதை வெறும் புகழாசை என ஒதுக்கிவிட மாட்டார்கள். முற்போக்கு இயக்கம் அங்கு ஆற்றிய பணி ஐயத்துக்கிடமற்றது.

எனினும் வாசலைத் திறக்குமாறு கேட்பதும், உள்ளே வந்தபின் வீட்டுக்காரரின் முகக்குறிப்பைப் பார்த்து வாக்கியத்தை முடிப்பதும் ஒன்றல்ல. ஜீவா கேட்டது முன்னையதை. அக்காலத்துச் சிறுகதைகள் சிலவற்றிலே, கதை இயல்பாக முடியவேண்டிய இடத்தைக் கடந்து, ஒரு சிவப்புச் சூரியனோ ஒரு கைமுட்டியோ உயரும் இறுதிப் பந்தி ஒன்று சேர்க்கப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். அப்பந்தி தொழிலாளிக்காக எழுதப்பட்டதன்று. அவன் அக்கதையைப் படிக்கும் வாய்ப்பும் குறைவே. அது விமர்சகருக்காக எழுதப்பட்டது.

இவ்விடத்திலே மஹாகவியின் கவிதைகள் முக்கியத்துவம் பெறுகின்றன. அளவெட்டியிற் பிறந்த து. உருத்திரமூர்த்தி (1927–1971) எழுதுவினைஞராகத் தொழில் தொடங்கி நிருவாக சேவைக்கு உயர்ந்தவர். கவிதை அவருக்குச் சோறு போடவில்லை. அதனால் அவர் கவிதையிடம் சோறு கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. (புனைபெயர் பெரிது, பாடப்பட்டவர்களோ சிறியவர்கள். இப்பொருத்தமின்மையை அவரும் உள்ளூர இரசித்திருப்பார் போலும்.) அவரது காலத்திலே ஈழத்துக் கவிஞன் ஒருவனுக்கு இரு பெரும் ஒப்புதல்கள் காத்திருந்தன. ஒன்று, 1956 இன் பின்னர் பொங்கியெழுந்த மொழியுணர்ச்சி மேடைகளின் கரகோஷம். மற்றையது, முற்போக்கு விமர்சனத்தின் அங்கீகாரம். இரண்டினதும் செவிக்கு உகந்த தொனி ஒன்று உண்டு. அது உரத்த தொனி.

கவியரங்கம் என்னும் நிறுவனம் கவிதையின் உறுப்புக்களையே எவ்வாறு மாற்றியமைத்தது என்பது இன்னும் விரிவாக ஆராயப்படவேண்டியது. அங்கு அடி ஒவ்வொன்றும் தன்னளவில் முடிவு பெறவேண்டும்; எதுகை விழுமிடத்திற் குரல் நிற்கவேண்டும்; அவை ஆர்ப்பரிக்க அவகாசம் தரவேண்டும்; ஆர்ப்பரித்தால் அதே அடியை மீண்டும் படிக்கவேண்டும். அங்கதத்துக்கு அங்கே இடமுண்டு. மெல்லிய முரண்நகைக்கு இடமில்லை, ஏனெனில் அது கேட்பவனின் மனத்திலே சற்றுத் தாமதித்தே வெடிப்பது. மஹாகவியும் கவியரங்குகளிலே தோன்றியவர்தாம். ஆயினும் அவரது சிறந்த கவிதைகளிலே பொருள் அடியின் இறுதியில் நின்றுவிடாது அடுத்த அடிக்குள் நழுவி ஓடுகின்றது. பேச்சின் இழுப்பும் தயக்கமும் யாப்பினுள்ளேயே புகுந்துவிடுகின்றன. கைதட்டுவதற்கு இடமே இல்லை. தட்ட நினைத்தவன் கை உயர்வதற்குள் வாக்கியம் அப்பாற் சென்றுவிடும். இது மேடையின் மீது கொண்ட வெறுப்பினால் விளைந்ததன்று. ஒரு சாதாரண மனிதன் எவ்வாறு பேசுவான் என்பதிலே வைத்த கண் அவையின் பக்கம் திரும்பாததனால் விளைந்தது.

'குறும்பா' இதற்கு இன்னும் நல்ல சான்று. 1966 இல் வெளிவந்த அந்நூலிலே ஆங்கில லிமரிக்கின் ஐந்தடி அமைப்பைத் தமிழுக்குக் கொணர்ந்தார். முதலிரண்டு அடிகளும் இறுதியடியும் இயைய, நடுவிலே இரு குற்றடிகள் துள்ளியோடும் அமைப்பு அது. இத்தகைய ஒன்றைத் தருமாறு அன்று ஈழத்தில் எவரும் கேட்கவில்லை. மொழிப்பற்றாளருக்கு அது அந்நியச் சரக்கு; சமூகப் பிரக்ஞையை வேண்டியோருக்கு வெறும் வேடிக்கை. ஓர் ஓசை தமிழிலே இயலுமா என்ற ஆர்வமே அதன் மூலகாரணமாக இருந்திருத்தல் வேண்டும். அந்த ஆர்வத்தின் விளைவாக யாழ்ப்பாணத்துப் போலி மரியாதைகள் பலவும் ஐந்தைந்து அடிகளிலே அம்பலமாயின என்பது வேறு விடயம். அல்லது, அதுதான் விடயம்.

1968 இல் நூலான 'கண்மணியாள் காதை'யையும் எண்ணிப்பார்த்தல் தகும். வில்லுப்பாட்டுக்கென அமைந்த அக்காதை சாதி வெறி ஒரு காதலை அழிப்பதைப் பாடுகின்றது. சமூக உள்ளடக்கம் ஒன்றே அளவுகோல் எனின் அதனை முற்போக்குக் கவிதை என முதல் வரிசையிலே வைத்திருத்தல் வேண்டும். ஆயின் அக்காலத்து விமர்சனத்தில் மஹாகவிக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை. இக்குறையை மு. தளையசிங்கம் அறுபதுகளிலேயே எடுத்துக்காட்டினார், பின்னர் எம். ஏ. நுஃமான், சண்முகம் சிவலிங்கம் முதலியோர் கவிதைகளையே ஆதாரமாகக் கொண்டு விரிவாக நிறுவினர். இவர்கள் செய்தது பாராட்டன்று. அடி பிரித்து, ஓசை பிரித்துப் படித்துக் காட்டியமை. பெருஞ்சித்திரனார் அதியமானிடம் கேட்டது இதுவே. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984 இல் வெளிவந்தபொழுது மஹாகவியின் இடம் விவாதத்துக்கு அப்பாற்பட்டதாகியிருந்தது. ஆனால் அவர் காலமாகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவரது எல்லாக் கவிதைகளும் ஒரே தரத்தன என்று கூறுவதற்கில்லை. 'வள்ளி'யில் (1955) அக்காலத்துப் பொதுவான மனோரதியப் போக்கிலிருந்து விலகாதவை பல உள. அவற்றையும் படித்தறிந்து கூறுவதே தீர்ப்பு.

கவிதை தனியொருவனின் தொழில். அதனால் இத்தகைய தற்சார்பு அங்கே சாத்தியமாகலாம், கூட்டுக் கலையிலே அதற்கு இடமேது என வினவலாம். மட்டக்களப்புக் கூத்து இதற்கு விடை கூறும். அண்ணாவியார் சட்டங் கொடுத்து, மாதக் கணக்கிலே ஆட்டம் பழக்கி, சதங்கை அணிவித்து, இறுதியிற் களரியில் அரங்கேற்றும் வரையும் ஊரே உடனிருக்கின்றது. ஆடுபவனின் தகப்பனும் அதே தருவை ஆடியவனாக இருப்பான். தாளக்கட்டுத் தவறினால் விடியப்புறத்திலும் தூங்காதிருக்கும் கிழவர் ஒருவர் களரியோரத்திலிருந்து செருமுவார். அச்செருமல் தீர்ப்பு. அதற்கஞ்சி ஆடுதல் ஒப்புதலை நாடி ஆடுதல் ஆகாது; கிழவரும் ஆடுபவனும் அண்ணாவியாரும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

அறுபதுகளிலே பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன அரங்குக்குக் கொணர்ந்தபொழுது அதன் பார்வையாளர் மாறினர். வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. விடிய விடிய ஆடியது சில நாழிகைக்குட் சுருங்கிற்று. 1956 இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்துக்குத் தேடித்தந்த மதிப்பைத் தமிழ்க் கூத்துக்கும் தேடித்தர வேண்டும் என்ற வேட்கை அம்முயற்சியின் பின்னணியில் இருந்தது. நகரப் படிப்பாளிகளின் ஒப்புதலுக்காகக் கூத்து கத்தரிக்கப்பட்டது எனச் சிலர் குறைகூறினர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. எனினும் 'இராவணேசன்' வெறும் கத்தரிப்பன்று. ஆட்டத்தைப் பாத்திரத்தின் மனநிலைக்கு ஏற்ப இயக்கவேண்டும் என்ற கலைத்தேவை அங்கே தலைப்பட்டது. அத்தேவையை எந்த நகரப் பார்வையாளரும் எழுப்பவில்லை. மதிப்புக்காகத் தொடங்கிய ஒன்று வழியிலே தன் தொழிலின் வினாவைக் கண்டடைந்தது எனலாம்.

கலைஞனை எதிர்காலம் அறியும் என்ற ஆறுதலை இவ்விவாதங்களின் இறுதியிலே கூறுவது வழக்கம். எதிர்காலமும் ஓர் அவையே என்பதை எமிலி டிக்கின்சனின் வரலாறு உணர்த்துகின்றது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே அம்ஹேர்ஸ்ற் என்னும் ஊரில் 1830 இற் பிறந்து 1886 இல் மறைந்த அவ்வம்மையார் ஏறத்தாழ 1800 கவிதைகளை எழுதினார். வாழ்நாளில் அச்சேறியவை பத்தளவானவையே. தந்தையார் வசதி படைத்தவர். தம் அறையிலிருந்து எழுத அவருக்கு இயன்றது என்பதை மறத்தல் ஆகாது. அவர் வாசகரே வேண்டாதவர் என்பதும் கட்டுக்கதை. கடிதங்களிலே கவிதைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். 1862 ஏப்பிரலில் தோமஸ் வென்ற்வேர்த் ஹிகின்சன் என்னும் எழுத்தாளருக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, இவற்றுக்கு உயிர் உண்டா எனக் கேட்டார். நன்றாக உள்ளதா என்றோ, வெளியிடலாமா என்றோ கேட்கவில்லை. அவர் ஓசை பிழைத்தது எனத் திருத்தங் கூறி, வெளியிடுவதைத் தாமதிக்குமாறும் ஆலோசனை வழங்கினார். அம்மையார் நன்றி கூறினார்; நட்பைக் கடைசிவரை பேணினார்; தம் ஓசையை மாற்றவில்லை.

தம் கவிதைகளைத் தாமே படியெடுத்து, தாள்களை மடித்து, நூலாற் கோத்து நாற்பது சிறு கட்டுக்களாக அவர் வைத்திருந்தார். அவற்றுட் பல பக்கங்களிலே ஒரு சொல்லின் அருகே சிறு சிலுவைக் குறி இடப்பட்டிருக்கும். பக்கத்தின் அடியிலே அதே குறியுடன் வேறொரு சொல் இருக்கும். சிலவேளை இரண்டு, மூன்று சொற்கள். எது வேண்டும் என அவர் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யுமாறு அவரைக் கேட்பார் எவரும் இருக்கவில்லை. அச்சுக்குப் போகும் கவிதை ஒரு சொல்லைத் தெரிந்தாக வேண்டும். 1890 இல் முதற்பதிப்பை வெளியிட்ட மேபல் லூமிஸ் ரொட்டும் ஹிகின்சனும் அவருக்காகத் தெரிந்தனர். சில இடங்களிலே இயைபு சிறக்கும் பொருட்டு அவர் எழுதாத சொல்லையே இட்டனர். தலைப்பில்லாதவற்றுக்குத் தலைப்பும் தந்தனர். அந்நூல் இரண்டாண்டுக்குள்ளே பலமுறை அச்சாகி உலகின் ஒப்புதலைப் பெற்றது. தோமஸ் ஜோன்சன் 1955 இல் வெளியிட்ட பதிப்பிலேதான் அச்சிலுவைக் குறிகளுக்குரிய மாற்றுச் சொற்களெல்லாம் கவிதைகளின் கீழே ஒழுங்காகத் தரப்பட்டன. அம்மையார் முடிவு செய்யாமல் விட்டவை அங்கே முடிவு செய்யப்படாமலே கிடக்கின்றன.